வலைக்கடைக்காரன் கட்டிய வேலி

1. முதல் நாள்

தொண்டியில் ஒரு வலைக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தது சனிக்கிழமை, அமாவாசை கழிந்த மூன்றாம் நாள். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அன்றுதான் தொடங்கியது. கிழமை, பிறை, காற்று, கடைக்கு வந்த ஆட்கள், நூலகத்திலிருந்து எடுத்த புத்தகம் எல்லாம் அதில் இருக்கும். ஆங்கிலத் தேதியை ஓரத்தில்தான் எழுதுவேன். கடற்கரையில் நீர் ஏறுவதும் வத்துவதும் பிறையின்படி நடக்கிறது. வலை வாங்க ஆள் வருவதும் அதன்படிதான்.

முதலாளி என்னை முன்பக்கம் விடவில்லை. பின்கட்டில் கயிறு கோர்க்கிற இடத்தில் உட்கார வைத்தார். மில்லிலிருந்து பேல் கட்டுகளாக வருவது வெறும் கண்ணித்துணிதான். அதற்கு மேலே ஒரு கயிறும் அதில் மிதவையும், கீழே ஒரு கயிறும் அதில் ஈயக்குண்டும் கோர்த்தால்தான் அது தண்ணீருக்குள் எழுந்து நிற்கும். அப்போதுதான் அது வலை.

நான் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார்.

“ஏலே, கட்டிலுக்கா கயிறு போடுற? தளர விடு.”

“தளர விட்டா தொங்குதே முதலாளி.”

“தொங்கணும். இழுத்துக் கட்டுனா மீன் முட்டிட்டுத் திரும்பிப் போயிரும். தொங்குனாத்தான் மேல சுத்திக்கிரும். ரெண்டு பாகத் துணிய ஒரு பாகக் கயித்துல அடக்கு.”

“கை வரமாட்டேங்குதே.”

“வரும். வந்துட்டா அப்பறம் நீ நெனச்சாலும் இழுத்துக் கட்ட வராது.”

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று வாரத்தில் கை பழகியது. முப்பத்துநான்கு வருடம் அந்தக் கடையில் இருந்தேன். கடைசிப் பதினைந்து வருடம் நானே மேனேஜர். எந்தக் கண்ணிக்கு எந்த மீன், எந்த ஊருக்கு எத்தனை ப்ளை நூல், நைலான் எங்கே போகும், தங்கூஸ் நரம்பு எங்கே போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கடைச் சுவரில் ஒரு போர்டு இருந்தது: விற்ற சரக்கு திரும்ப வாங்கப்பட மாட்டாது. அதை எழுதியவன் நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

2. நாகு கேட்ட கேள்வி

முழங்கால் வலி தாங்காமல் வேலையை விட்டேன். வீட்டில் புத்தகத்தோடு எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? பழைய வாடிக்கைக்காரர்களைப் பார்க்க பஸ் ஏறிப் போவேன். தொண்டிக்கும் காரங்காட்டுக்கும் நடுவில் ஒரு சிற்றூர். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே நாகு என்று, சிறு படகு வைத்திருக்கும் வள்ளக்காரர் ஒருவர் இருக்கிறார். என்னிடம் இருபது வருடம் நண்டு வலை வாங்கியவர்.

ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை, நண்பகல் லுஹர் தொழுதுவிட்டுப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கறுப்புப் புகை தெரிந்தது. கரையில் பழைய வலைக் குவியலைக் கொளுத்திவிட்டு நாகு நின்றுகொண்டிருந்தார். ஒரு பெண் காலால் மணலை அள்ளி அள்ளித் தீயின் மேல் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“ஏய் வளரு, காலு வெந்துரும். தள்ளிப் போ.”

“வேகட்டும் சித்தப்பா. நீங்க கொளுத்துற பொகைய எங்காத்தாதான் ஓடைக்குள்ள நின்னு குடிக்கிது.”

“அப்ப இந்தக் குப்பைய ஒங்க வீட்டுல கொண்டாந்து வைக்கட்டா?”

“வைங்க. இப்பவே தூக்குங்க.”

நாகு என் பக்கம் திரும்பினார். “வாங்க பாய், நல்ல நேரத்துக்கு வந்தீக. வித்தது நீங்க. நீங்களே சொல்லுங்க, இத என்ன செய்ய?”

முப்பத்துநான்கு வருடத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. நண்டு வலைக்கு ஆயுசு கொஞ்சம். நண்டு கொடுக்கால் கிழிக்கும், எடுக்கிறவர்களும் கிழிப்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் வீணாகிவிடும். ஈயத்தையும் கயிற்றையும் அறுத்து எடுத்துக்கொண்டு, துணியைக் கரையில் போட்டுவிடுவார்கள். காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோகும், அல்லது இப்படி யாராவது கொளுத்துவார்கள்.

அந்தப் பெண்ணின் பெயர் வளர்மதி. இராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள், தாவரவியல் இரண்டாம் வருடம். ஊரில் இளைஞர் மன்றம் ஒன்று உண்டு. அதுவரை அது வாலிபால் விளையாட மட்டும் கூடுகிற மன்றம். அதைக் கரை சுத்தம் செய்கிற மன்றமாக மாற்றியவள் இவள். பன்னிரண்டு பேர்.

மறுநாள் காலை போன் வந்தது. “பாய், நான் வளர்மதி பேசுறேன். எரியாத வலைய எல்லாம் எங்க கொட்டகைக்குக் கொண்டாந்துட்டோம். ஆத்தா ஏசுது. இப்ப என்ன செய்யலாம்னு சொல்லுங்க.”

அடுத்த பஸ்ஸில் போனேன்.

3. கோல் வலை

அந்த ஒரு மாதத்தைப் போல என் வேலைக்காலத்திலேயே ஒரு மாதம் இருந்ததில்லை. குவியலைப் பிரித்து, கிழியாத பாகத்தை வெட்டி எடுத்து, ஒன்றோடு ஒன்று தைக்கக் கற்றுக்கொடுத்தேன். முதலில் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கோல் வலை செய்தோம். பிறகு பாகல் கொடிக்குப் பந்தல், கோழிக்கூட்டுக்கு மூடி, வெங்காயம் போட்டு வைக்கப் பை. நாகுவின் அறுந்த கட்டிலுக்கு வலையை முறுக்கிக் கயிறாக்கிப் பின்னிக் கொடுத்தோம்.

நாகு அதில் படுத்துப் பார்த்துவிட்டு, “எம்புட்டு நண்டு மாட்டுன வலை. இப்ப நான் மாட்டிக்கிட்டேன்” என்றார்.

மன்றத்தில் ஒருவன் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துப் பாட்டுச் சேர்த்து இணையத்தில் போட்டுக்கொண்டிருந்தான். கூடிக் கூடிப் பார்த்தார்கள். நூலகத்தில் படித்த எத்தனையோ விஷயத்தை யாரிடம் சொல்வது என்று இருந்த எனக்கு, கேட்கப் பன்னிரண்டு பேர் கிடைத்தார்கள். மீனை மறிக்கிற மூங்கில் படல், பிளாஸ்டிக் மிதவை வருமுன் மரக்கட்டையில் மிதப்பு வெட்டியது, பருத்தி நூல் வலைக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போட்டது என்று என்னவெல்லாமோ சொன்னேன்.

“பருத்தி வலை மக்கிருமா பாய்?” என்று கேட்டாள் வளர்மதி.

“கரையில கெடந்தா ஒரு மழைக்காலம் தாங்காது.”

“அப்ப அதையே வித்துருக்கலாம்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

4. வேலி

ஊருக்கு வடக்கே ஓர் ஓடை கடலில் கலக்கிறது. உள்ளே தள்ளி, பழைய சுரபுன்னை மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. பாடப்புத்தகத்தில் அலையாத்தி என்று இருக்கும். வளர்மதியின் தாய் காளியம்மாளும் இன்னும் ஏழு பெண்களும் அந்த மரங்களின் அடியில், இடுப்பளவுச் சேற்றில் நின்று, வளைக்குள் கைவிட்டு நண்டு எடுப்பவர்கள். அவர்களுக்கு வள்ளம் கிடையாது, வலையும் கிடையாது. அந்த ஓடைதான் வயல். வளர்மதியைப் படிக்க வைத்ததும் அதுதான்.

படகு வர வழி வேண்டும் என்று பல வருடம் முன்பு ஓடை முகத்தில் இருந்த மரங்களை வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து சேறு கரைந்து போகிறது. வருடா வருடம் வளைகள் குறைவதாகக் காளியம்மாள் சொன்னார். முகத்தில் மரம் வந்தால் சேறு நிற்கும். சேறு நின்றால் நண்டு நிற்கும். இதுதான் வளர்மதியின் கணக்கு. அவள் மன்றத்தை மாற்றியதே இதற்காகத்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

டீக்கடைக் காகிதக் கோப்பை, பால் கவர், கொட்டாங்கச்சி என்று கையில் கிடைத்ததில் எல்லாம் சேறு நிரப்பி முந்நூறு கன்று வளர்த்து, ஆவணியில் ஓடை முகத்தில் நட்டார்கள். நட்ட நான்காம் நாள் ஆடுகள் நாற்பது கன்றைத் தின்றன. ஆட்டுக்காரர்களிடம் போய்க் கேட்டபோது, “செடி ஒங்களது. வேலி போட்டுக்கங்க” என்றார்கள். நியாயம்தான்.

கொட்டகையில் இன்னும் வலை இருந்தது. “வலையிலயே வேலி போட்டுருவோம்” என்று சொன்னவன் நான்.

கழி ஊன்றி வலையைச் சுற்றினால் போதும் என்றுதான் மன்றத்துப் பிள்ளைகள் நினைத்தார்கள். நான் விடவில்லை. மேலே கயிறு ஓட வேண்டும், இல்லையென்றால் வலை சரிந்துவிடும். கயிற்றில் மிதவை வேண்டும்; காற்றில் ஆடினால் ஆடு மிரளும். கீழே கனம் வேண்டும், இல்லையென்றால் குட்டி நுழைந்துவிடும். மிதவைக்கும் ஈயத்துக்கும் எங்கே போவது? கரையில் ஒதுங்கும் ரப்பர் செருப்புகளைப் பொறுக்கி, சதுரமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டார்கள். பாட்டில் மூடியில் சிமெண்டை நிரப்பி, காயும் முன் கம்பி வளையம் செருகிக் குண்டு செய்தார்கள். செருப்பில் பச்சை, நீலம், சிவப்பு என்று எல்லா நிறமும் இருந்தது. கோர்த்து முடித்தபோது திருவிழாத் தோரணம்போல இருந்தது.

கட்டும்போது வளர்மதி கேட்டாள்: “பாய், வேலின்னா வெறப்பா இருக்கணும்ல? இது தொங்குதே.”

“தொங்குனாத்தான் ஆடு முட்டுனா கிழியாது தாயி.”

அந்தக் காரணம் அவள் கேட்ட பிறகுதான் எனக்குத் தோன்றியது. கை அதற்கு முன்பே இரண்டு பாகத்தை ஒரு பாகத்தில் அடக்கிக் கட்டிவிட்டிருந்தது.

புரட்டாசி, அஷ்டமி, புதன்கிழமை மாலை வேலை முடிந்தது. அன்று நீர் வத்திக் கிடந்தது. நாகு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

“ஏம் பாய், ஆட்டுக்குப் போட்டீகளா, மீனுக்குப் போட்டீகளா? களங்கட்டி வலை மாதிரியில்ல நிக்கிது.”

களங்கட்டி என்பது ஆழமில்லாத கடலில் கழி ஊன்றி நிறுத்துகிற வலை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்றைய குறிப்பில் இப்படி எழுதியிருக்கிறேன்: வேலி முடிந்தது. நாகுவுக்கும் பிடித்திருக்கிறது.

மறுநாள் ஒரு கிடாய் கொம்பை விட்டு மாட்டிக்கொண்டு கத்தியது. கண்ணியை அறுத்து விடுவித்தோம். அதன் பிறகு அந்தப் பக்கம் ஆடு வரவில்லை.

5. ஐப்பசிப் பௌர்ணமி

எங்கள் பக்கம் கடல் பெரிதாக ஏறாது. ஆனால் ஐப்பசி, கார்த்திகைப் பௌர்ணமியில் ஓடை முகம் முழங்காலுக்கு மேல் நிறையும். பௌர்ணமிக்கு மறுநாள் காலை மன்றத்திலிருந்து போன்: “பாய், வேலியில மீனு!”

போய்ப் பார்த்தேன். சின்ன மடவை மீன்கள், இறால், நண்டுகள் வேலி நெடுகத் தொங்கின. பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். அன்று மன்றத்தில் நண்டு ரசம். அதையும் படம் எடுத்துப் போட்டார்கள். வேலிக்கு வேலி, ரசத்துக்கு ரசம் என்று அதற்குத் தலைப்பு.

பதினோரு மணி இருக்கும். காளியம்மாள் ஓடையிலிருந்து ஏறி வந்தார். இடுப்பு வரை சேறு. வேலியிலிருந்து எதையோ பிய்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார்.

“ஏ வளரு, இங்கன வா. இது என்னன்னு பாரு.”

ரூபாய்க் காசு அளவு நண்டு. செத்திருந்தது.

“நண்டுக்குஞ்சு” என்றாள் வளர்மதி.

“இது வளர்றதுக்கு உள்ள வருது. வாசல்ல நின்னு மறிச்சா உள்ள எது வரும்?”

“ஓடை பூராவுமா ஆத்தா மறிக்கிது? ஓரத்துலதான நிக்கிது.”

“நண்டு ஓரத்துலதாண்டி வரும். நடுவுல போறதுக்கு அது என்ன லாஞ்சுப் படகா?”

பிறகு என்னிடம் வந்தார். “பாய், அந்த அடிக்குண்ட மட்டுமாச்சும் எடுத்துருங்க. ஒரு முழம் தூக்கிக் கட்டுங்க.”

“தூக்குனா குட்டி நுழஞ்சுரும் தாயி. தை வரைக்கும் பொறுங்க. கன்னு நிமுந்துரும், வேலியே வேணாம்.”

“தை வரைக்கும் ஓடை பொறுக்குமா?”

“ஒரு நாலு குஞ்சு போகும். மரம் வந்தா நாலாயிரம் வரும்.”

வளர்மதி என் பக்கம் நின்றாள். “ஆத்தா, பாய்க்கு முப்பது வருசத்து வேல இது. ஒனக்கு என்ன தெரியும்?”

காளியம்மாள் கோபப்படவில்லை. “அதுஞ் சரி. நான் ஓடைக்குள்ள கெடக்குறது வேலயா என்ன” என்று சொல்லி, அந்தக் குஞ்சைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் போனார்.

அலையாத்திக் காடுகளைப் பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். எந்தச் செடி எத்தனை மாதத்தில் எவ்வளவு உயரும் என்பது வரை குறிப்பு வைத்திருந்தேன். அன்று எழுதியது: காளியம்மாள் கவலைப்படுகிறார். தேவையில்லை.

6. வாடை

கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்தது. கூடவே புயல் சின்னம். துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். மூன்று நாள் பஸ் ஓடவில்லை. நான்காம் நாள் வியாழக்கிழமை, மழை தூறிக்கொண்டிருக்கும்போதே போனேன்.

ஓடை முகத்தில் சேறு வழித்துப்போயிருந்தது. இருநூற்று அறுபது கன்றில் பதினேழு நின்றன. அதில் ஒன்பது சாய்ந்திருந்தன. கழி ஒன்றுகூட இல்லை. வேலியைக் காணோம்.

வளர்மதி பதினேழையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகுதான் சொன்னார்: “கடலுக்குப் போயிருக்கும் பாய். விடுங்க. கன்னு நடலாம், கழிக்கா பஞ்சம்?”

கடலுக்குப் போயிருக்க வேண்டும் என்று மனதுக்குள் இறைவனிடம் துஆ கேட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. கடலுக்குப் போனால் என் கண்ணில் படாது, அவ்வளவுதான் அதன் பொருள்.

சனிக்கிழமை காளியம்மாள்தான் கண்டுபிடித்தார். ஓடைக்கு உள்ளே.

7. மூன்று ஞாயிறு

பெருகிய கடல் வேலியை வெளியே இழுக்காமல் உள்ளே தள்ளிக்கொண்டு போயிருந்தது. பழைய மரங்களின் அடியில், சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்களில் அது சுற்றியிருந்தது. சிமெண்டுக் குண்டுகள் சேற்றில் புதைந்து கீழே பிடித்தன. செருப்புத் துண்டுகள் மேலே தூக்கிப் பிடித்தன. நடுவில் துணி, தளர, நான் பழகிய அளவு. நீர் ஏறும்போது ஏறுவது மாட்டியது, வத்தும்போது இறங்குவது மாட்டியது. மாட்டிச் செத்த நண்டைத் தின்ன வந்த நண்டும் மாட்டியது. கரையில் நாங்கள் நிறுத்தியதைவிட அங்கே அது ஒழுங்காக நின்றது. முதலாளி பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க மாட்டார்.

ஞாயிறு காலை பன்னிரண்டு பேரும் நானும் கத்திரி, அரிவாளோடு இறங்கினோம். என் முழங்காலுக்கு அந்தச் சேறு ஆகாது, இறங்கினேன். இழுத்தால் வேர் முறிந்தது. அறுத்தால் வலை துண்டாகி, மிச்சம் வேருக்குள் ஒளிந்தது. மதியத்துக்கு மேல்தான் இன்னொன்று புரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் செருப்பும் கொஞ்சம் குண்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. கைநழுவிப் போன ஒவ்வொரு துண்டும் தனியாக எழுந்து நின்றது. ஒரு வலையை நாங்கள் பல வலையாக்கிக்கொண்டிருந்தோம்.

வளர்மதி அரிவாளை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “பாய், வேர வெட்டுனா மரம் போவும். வெட்டாட்டி நண்டு போவும். எத வெட்ட?”

நான் கையில் வந்த துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வேருக்குப் போனேன். அவள் மறுபடி அரிவாளை எடுத்தாள்.

இரண்டாம் ஞாயிறு ஏழு பேர் வந்தார்கள். மூன்றாம் ஞாயிறு வளர்மதி, நான், படம் எடுக்கிற பையன். அவன் அன்று போனை எடுக்கவே இல்லை. மூன்று ஞாயிற்றில் நாங்கள் மேலே கொண்டுவந்தது பாதிகூட இருக்காது. மீதி சேற்றுக்குள்ளே எங்கே இருக்கிறது என்று காலில் மாட்டும்போதுதான் தெரியும். காளியம்மாளோடு நண்டு எடுக்கும் ஒரு பெண் வளைக்குள் கைவிட்டபோது கண்ணி விரலைச் சுற்றி, நீர் ஏறும் வரை எடுக்க முடியாமல் கத்தியிருக்கிறார். அதோடு அவர்கள் உள்ளே போவது நின்றது.

மார்கழியில் இறால் உரிக்கும் கம்பெனி வேன் ஊருக்குள் வரத் தொடங்கியது. முதலில் அந்தப் பெண்களில் ஐந்து பேர் ஏறினார்கள். இரண்டாம் வாரம் காளியம்மாளும் ஏறினார். அன்று நான் பஸ் நிறுத்தத்தில் இருந்தேன். சேறு இல்லாத சேலையில் அவரை அன்றுதான் பார்த்தேன்.

“என்ன தாயி, நீங்களுமா?”

“என்ன செய்யட்டும் பாய்? அங்கன கால் மரத்துப் போவும்னு சொல்றாளுக, ஐஸ் தண்ணியாம். ஆனா உக்காந்து செய்யலாம்.”

“எல்லாம் என்னால வந்தது.”

“ஒங்களால மட்டுமா? எம் மகளும்தான கட்டுனா.” வேன் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். “நான் அன்னைக்கு இன்னும் கொஞ்சம் கத்திச் சொல்லியிருக்கணும்.”

வேன் வந்தது. ஏறிப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வளர்மதி இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தனியாகக் கத்திரியோடு ஓடைக்குப் போகிறாள் என்று நாகு சொல்கிறார். வீட்டில் தாயும் மகளும் ஓடையைப் பற்றிப் பேசுவதில்லையாம். பதினேழு கன்றில் இப்போது நான்கு இருக்கின்றன. ஆடுகள் திரும்பி வந்துவிட்டன.

8. படம் பார்த்தவர்கள்

தை மாதம் ஒரு போன். தெரியாத எண்.

“அய்யா, வேலி அய்யாதான பேசுறது?”

திருப்புல்லாணிப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். அங்கேயும் ஒரு மன்றம். எங்கள் படத்தைப் பார்த்து அதேபோல வேலி கட்டியிருக்கிறார்கள். “வந்து பாத்து வாழ்த்தணும் அய்யா.” கூடவே புகைப்படம் வந்தது. வரிசையாகச் செருப்புத் துண்டுகள். பச்சை, நீலம், சிவப்பு. துணி சரியான அளவுக்குத் தொங்கியது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து அளவெடுத்திருக்கிறார்கள்.

எங்கள் பையன் புயல் முடிந்த வாரமே படத்தை அழித்துவிட்டான். ஆனால் அதற்குள் யார் யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். புயலுக்குப் பிறகு நடந்ததை யாரும் படம் எடுக்கவில்லை. எனவே உலகத்துக்கு எங்கள் வேலி இன்னும் நிற்கிறது, பிள்ளைகள் இன்னும் நண்டு ரசம் குடிக்கிறார்கள்.

வளர்மதியைக் கூப்பிட்டேன். “நீங்க போங்க பாய். நான் எந்த மொகத்த வச்சுக்கிட்டு வாரது?” என்றாள்.

சனிக்கிழமை அதிகாலை சுப்ஹு தொழுதுவிட்டு பஸ் ஏறி, இராமநாதபுரத்தில் மாறி, பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். மாலை போட்டார்கள், துண்டு போர்த்தினார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஐப்பசியில் காளியம்மாள் சொன்னது, நான் சொன்ன பதில், வேர், துண்டுகள், வேன் எதையும் விடவில்லை. மரியாதையாகக் கேட்டார்கள்.

தலைவன் என்று ஒருவன், நல்ல பையன், ஐ.டி.ஐ. முடித்தவன். “ஒங்க ஊருல பொயலு அடிச்சிருச்சு அய்யா. நாங்க ஆங்கிள் கம்பி ஊண்டியிருக்கோம், அசையாது” என்றான்.

“அசையாம நின்னாலும் மீன மறிக்கும் தம்பி. அடிக்குண்ட எடுங்க. துணிய இழுத்துக் கட்டுங்க. நீர் ஏறாத மேட்டுல ஊனுங்க.”

“மேட்டுல ஊண்டுனா கன்னு வெளியில போயிருமே அய்யா.”

“இங்கன ஓடைக்குள்ள கையால நண்டு எடுக்குறவுக யாரு?”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “இருப்பாக. நாங்க கவனிச்சதில்ல. எதுக்கு அய்யா?”

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இந்தக் கேள்வி ஒன்றுதான். கழிவை இன்னொரு பொருளாக மாற்றுகிறீர்கள், நல்லது. அது உடைந்தால் எங்கே போகும், அங்கே நிற்பது யார் என்று முதலில் கேளுங்கள். அவரைத் தேடிப் போய், கட்டுவதற்கு முன் காட்டுங்கள். செய்தவனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரே வேலை வலை; வேலி கட்டு என்றாலும் வலைதான் கட்டினேன். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. சேற்றிலிருந்து ஏறி வந்த ஒருவர் சொன்னார். அவரைத் தை வரைக்கும் பொறுக்கச் சொன்னேன்.

சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். நான் ஓடைக்கரையில் நடந்து போனேன். அரை மணி நேரத்துக்குப் பிறகு இரண்டு பெண்கள் தென்பட்டார்கள், இடுப்பளவுச் சேற்றில். கரையில் நின்றே விவரம் சொன்னேன். மூத்தவர் வளையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“வேலியில குஞ்சு மாட்டுறத பாத்தோம் அய்யா. போன அமாவாசைக்குத் தண்ணி ஏறுனப்பவே பாத்தோம்.”

“நீங்க மன்றத்துல சொல்லலியா?”

“நல்ல காரியம் செய்யுறாக. அதுல போயி நாங்க என்னத்தச் சொல்ல?” என்றார் அவர். “நீங்க பெரியவுக. நீங்க சொல்லிட்டுப் போங்க.”

சொல்லியாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். இரண்டு மணி பஸ்ஸில் திரும்பினேன். வேலி அப்படியே நின்றது. பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள்.